கொழும்பில் ஒரு மெட்டல் ட்ரம்மர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தட்டில் இருக்கிறேன். பகலில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் கணக்கு எழுதுகிறேன். மற்ற நேரத்தில், இருபத்தைந்து வருடமாக, ஹெவி மெட்டல் என்ற கனத்த றொக் இசைக்கு ட்ரம்ஸ் அடிக்கிறேன். இதைச் சொன்னவுடன் ஆட்கள் கேட்கிற கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். மாமியும் கேட்டிருக்கிறார், டியூசன் வாசலில் மறித்துப் பெடியன்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அது வெறும் சத்தம்தானே? கோபத்தில் போட்டு அடிக்கிறதுதானே?

இது மாமியின் கேள்வி. சத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோபத்தில் அடித்தால் இரண்டாவது பாட்டிலேயே கை இறுகிவிடும். முன்னால் இருக்கும் சின்ன ட்ரம்மான ஸ்நேரில் தடி பட்டதும் தோல் அதைத் திருப்பி எறியும். அந்தத் திரும்பலை விரலால் பிடித்து அடுத்த அடியாக்குவதுதான் தொழில். முழுப் பலத்தோடு அழுத்தி அடிக்கிறவன் அந்தத் திரும்பலைக் கொன்றுவிடுகிறான். பிறகு ஒவ்வொரு அடிக்கும் தன் சொந்தச் சக்தியைச் செலவழிக்க வேண்டியதுதான்.

மெட்டலின் முதல் இசைத்தட்டு என்று பெரும்பாலானோர் சொல்வது 1970 பெப்ரவரி 13 அன்று வந்த பிளாக் சபத் குழுவின் தொகுப்பை. அதில் அடித்தவர் பர்மிங்காம்காரரான பில் வார்ட். அவர் ஜீன் குரூப்பாவையும் பட்டி ரிச்சையும் கேட்டு வளர்ந்தவர், இருவரும் ஜாஸ்காரர்கள். அந்தத் தட்டைக் கவனமாகக் கேட்டால் கனத்த கிட்டாருக்கு அடியில் ட்ரம்ஸ் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருப்பது தெரியும். அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மாமி சொல்கிற சத்தம்தான்.

எப்படித் தொடங்கினீர்கள்?

பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் திருவிழாவில் தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன், நாதஸ்வரம் காதில் விழாத அளவுக்குக் கிட்ட. பாடசாலையில் பாண்ட் வாத்தியக் குழுவில் சேர்ந்தபோது ட்ரம்பெட் காலியில்லை, சைட் ட்ரம் கொடுத்தார்கள். விளையாட்டுப் போட்டிக்கு வெயிலில் நடந்துகொண்டே மூன்று வருடம் அடித்தேன். மெட்டல் ட்ரம்மருக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு நண்பனின் அண்ணா கொடுத்த கசெட். ஒரு பக்கம் அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழு, மறுபக்கம் இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலா, யாரோ பாதியில் அழித்துப் பதிந்தது. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் கேட்டேன். இன்றைக்கு ட்ரம்ஸில் எனக்கு வரும் காசும் அந்தக் கசெட்டிலிருந்துதான் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தவிலோ மிருதங்கமோ படித்திருந்தால் உதவுமா?

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. கைப்பழக்கம் வேறு. தவிலில் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள், தொப்பிப் பக்கத்துக்குத்தான் கழி. ட்ரம்ஸில் இரண்டு கையிலும் தடி, போதாததற்கு இரண்டு காலுக்கும் வேலை.

உதவுவது கணக்கு. சுவீடன் நாட்டு மெஷுகா என்ற குழுவைக் கேட்டுப் பாருங்கள். அதன் ட்ரம்மர் தோமஸ் ஹாக்க, மேலே வெண்கல வட்டமான சிம்பலில் நாலு நாலாக எண்ணிக்கொண்டே போவார். கீழே கால்கள் கிட்டாரோடு சேர்ந்து ஐந்து, ஏழு, ஒன்பது என்று வேறு கணக்கில் ஓடும். முதல் தடவை கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். கோயில் வீதியில் தவில் கேட்டு வளர்ந்தவனுக்கு அப்படிச் சுற்றாது. ஐந்தாக எண்ணும் கண்டமும் ஏழாக எண்ணும் மிஸ்ரமும் ஆதி தாளத்துக்குள் எங்கெங்கோ அலைந்து கடைசியில் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. மெஷுகாவும் கால்கள் ஓட்டும் அந்தத் துண்டை நாலோ எட்டோ ஆவர்த்தனத்தின், அதாவது தாளச் சுற்றின், முடிவில் வெட்டி ஒன்றில் கொண்டுவந்து சேர்க்கிறது. கணக்கோடு முடிக்கிற தவில் கோர்வை மாதிரி அழகாகத் தீராது, கத்தியால் நறுக்கின மாதிரி இருக்கும். ஆனால் விழும் இடம் அதே இடம்.

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. 1975இல் காலமானவர். எந்த மெட்டல் மாணவன் வந்தாலும் முதல் வீட்டுப்பாடமாக அதைத்தான் கொடுக்கிறேன். வேகத்தில் தவிலின் ஒவ்வொரு சொல்லும், அதாவது ஒவ்வொரு அடியும், தனித்தனியாக எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் உதாரணம் தேட வேண்டாம்.

கால் இரண்டும் அவ்வளவு வேகமாக எப்படி ஓடுகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சாதாரண ட்ரம்ஸ் செட்டில் தரையில் ஒரு பேஸ் ட்ரம், பெரும்பாலும் 22 அங்குல விட்டம். வலது காலால் ஒரு பெடலை மிதித்தால் ஒரு சுத்தியல் போய் அடிக்கும். இரண்டு பேஸ் ட்ரம் வைத்துக்கொள்ளும் யோசனை ஜாஸ் ட்ரம்மர் லூயி பெல்சன் 1940களில் கொண்டுவந்தது. 1980களில் ஒரே ட்ரம்மை இரண்டு காலாலும் அடிக்க வைக்கிற டபுள் பெடல் நல்ல தரத்தில் வந்துவிட்டது. கொழும்பு மாதிரி இடத்தில், ஓட்டோவில் சாமான் ஏற்றிப் போகிற எங்களுக்கு, அதுதான் விமோசனம்.

மோட்டோர்ஹெட் என்ற குழுவின் ட்ரம்மர் பில் டெய்லர் இரண்டாவது பேஸ் ட்ரம்மை வாங்கிவைத்து, கால் பழக்கத்துக்காகச் சும்மா ஓட்டிக்கொண்டிருந்தாராம். குழுவின் மற்ற இருவரும் அதன்மேல் வாசிக்கத் தொடங்க, அது 1979இல் வந்த அவர்களுடைய தொகுப்பின் தலைப்புப் பாட்டாகிவிட்டது. பிறகு கியூபாவில் பிறந்த டேவ் லொம்பார்டோ ஸ்லேயர் என்ற குழுவில் அதை இன்னொரு வேகத்துக்குக் கொண்டுபோனார்.

வேகத்தின் கணக்கு இது. நிமிடத்துக்கு 200 தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் நாலு அடி. அப்படியென்றால் வினாடிக்குப் பதின்மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு காலுக்கு ஆறு, ஏழு. தொடையைத் தூக்கி மிதித்தால் இது நடக்காது. 120, 130 வரை தொடை தாங்கும், அதற்கு மேலே கணுக்கால்தான். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, நடுக்கம் வந்தவர் மாதிரி பாதத்தை மட்டும் ஆட்ட வேண்டும். இடையில் ஒரு வேகம் இருக்கிறது, 150ஐ ஒட்டி. தொடைக்கு அது அதிகம், கணுக்காலுக்குக் குறைவு. எல்லாரும் அங்கே சிக்குவார்கள். நான் அங்கே ஒன்றரை வருடம் சிக்கிக் கிடந்தேன்.

குறுக்கு வழி கிடையாது. தாளம் எண்ணும் கருவியான மெட்ரோனோமை 80இல் வைத்து, இரண்டு காலும் ஒரே கனத்தில் விழும்வரை விடாமல் ஓட்டி, பிறகு நாலு நாலாக ஏற்ற வேண்டும். இடது கால் சோம்பேறி. வாரத்தில் இரண்டு நாள் முழுப் பயிற்சியையும் இடது காலில் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம். வேகம் கூடக்கூட அடியின் பலம் குறையும். அதற்காகப் பேஸ் ட்ரம்மின் விளிம்பில் ட்ரிகர் என்ற உணரியை மாட்டுவார்கள். நீங்கள் மெதுவாகத் தொட்டாலும் பதிவுசெய்த ஒரு முழு அடி ஒலிபெருக்கியில் கேட்கும். இது ஏமாற்று என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ட்ரிகர் அடியின் கனத்தைத்தான் சமப்படுத்தும், நேரம் பிசகினால் அந்தப் பிசகையும் சேர்த்துச் சத்தமாக ஊருக்குச் சொல்லும். என்னை அது பல தடவை காட்டிக்கொடுத்திருக்கிறது.

தொடர்மாடியில் இருந்துகொண்டு எப்படிப் பழகுவது?

கொழும்பில் மெட்டல் ட்ரம்மராக இருப்பதில் உண்மையான கஷ்டம் இதுதான். கிட்டார்காரன் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தே பழகலாம். எங்களுக்கு அடிக்க இடம் வேண்டும்.

ரப்பர் பேட் வாங்கினால் கைக்குப் போதும். மின்னணு ட்ரம்ஸ் வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்று கடைக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். காற்றில் போகிற சத்தம்தான் குறையும். பெடலின் அதிர்வு கொங்கிரீட்டுக்குள் இறங்கி நேரே கீழ்வீட்டுக்குப் போகும். எங்கள் கீழ்வீட்டு அன்ரி ஒரு நாள் மேலே வந்து, "தம்பி, இரவில மா இடிக்கிறீங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தது.

தீர்வு டென்னிஸ் பந்து. இரண்டு ப்ளைவூட் பலகைகளுக்கு நடுவில், கீழ்ப்பலகையில் துளையிட்டு இருபது முப்பது பந்துகளைப் பதித்து, மேலே செட்டை வைக்க வேண்டும். பந்து அதிர்வைக் குடித்துவிடும். முழுவதும் இல்லை, ஆனால் அன்ரி கோயில் பிரசாதம் கொண்டுவந்து தருகிற அளவுக்குக் குறைந்தது. மற்றது ரயில். மெரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குக் கரையோர ரயில் பாதை ஒரு வரம். பெட்டிகள் கடகடத்துப் போகும் அந்த அரை நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம்.

முழு ட்ரம்ஸ் அடிக்க மணித்தியாலக் கணக்கில் ஒத்திகை அறை எடுக்க வேண்டும். காசு நாலு பேருக்குப் பிரியும். தனியாகப் பழகுகிறவனுக்குக் கை சுடும்.

எந்த செட் வாங்கலாம்?

முதல் செட் பாவித்ததாக இருக்கட்டும். 2022இல் சில வாரங்களுக்குள் ரூபாய் டொலருக்கு 200இலிருந்து 360 வரை சரிந்த பிறகு புதிய சாமானின் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ட்ரம்களின் மரக் கூடு எந்தக் கம்பனியாக இருந்தாலும் சமாளிக்கலாம். காசை சிம்பலிலும் பெடலிலும் போடுங்கள். நல்ல சிம்பல் நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். கோயிலில் கையால் தட்டுகிற தாளத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

கடற்காற்று எதிரி. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருந்தால் ஆறு மாதத்தில் திருகாணிகள் துருப்பிடிக்கும். தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, மாதம் ஒரு தடவை. சிம்பலை வெறும் துணியால் துடைத்தால் போதும். என் அம்மா ஒரு ஆடி வெள்ளிக்கு, குத்துவிளக்கோடு சேர்த்து என் பெரிய சிம்பலையும் புளி போட்டு மினுக்கிவிட்டார். தங்கம் மாதிரி ஜொலித்தது. கம்பனிப் பெயர் அழிந்துபோயிற்று. விற்கப் போனபோது ஒருவரும் நம்பவில்லை.

இதில் காசு வருமா?

மெட்டலில் வராது. இலங்கையில் வெறும் மெட்டலால் வீட்டு வாடகை கட்டுகிற ட்ரம்மரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 1990களின் இறுதியில் கொழும்பில் தொடங்கிய ஸ்டிக்மாட்டா, கண்டியிலிருந்து வந்த பரனொயிட் எர்த்லிங் போன்ற குழுக்கள் இங்கே மெட்டலுக்கும் றொக்குக்கும் ஒரு கூட்டத்தைச் சேர்த்தன. ஆனாலும் கூட்டம் சில நூறு பேர், அதில் பாதிப் பேர் வேறு பாண்டில் வாசிப்பவர்கள்.

நான் உழைப்பது கசெட்டின் மறுபக்கத்தில். ஹோட்டல் ரிசப்ஷனில் பைலா. ஆறு எட்டுத் தாளம், இரவு முழுக்க, கோட் போட்டுக்கொண்டு. மெட்டல்காரர்கள் சிலர் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். நாலு மணித்தியாலம் பைலாவை வேகம் கூடாமல் குறையாமல், ஆடுகிறவர்களின் காலைப் பார்த்தபடி அடித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஒரு ரிசப்ஷன் இரவின் சம்பளம் எனக்கு மூன்று மெட்டல் ஷோவுக்குச் சமம், மூன்றும் காசு கொடுத்தால். தேவாலயப் பாட்டுக் குழுக்களுக்கும் வாசிக்கிறேன். சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு வகுப்பு.

ஆகவே தம்பிமார்களே, ஏ.எல். பரீட்சை எடுங்கள். நான் சீமா என்ற கணக்காளர் பரீட்சையை இரண்டு தடவை எழுதிப் பாஸ் பண்ணினேன். என் சிம்பல்களை வாங்கித் தந்தது அந்தக் காகிதம்தான்.

யுத்த காலத்தில் தமிழ்ப் பெடியன் இந்தச் சாமான்களோடு எப்படித் திரிந்தீர்கள்?

2007, ஒரு சனிக்கிழமை மாலை. தோளில் கறுப்புப் பை, உள்ளே டபுள் பெடல். இரும்புத் தகடு, சங்கிலி, சுருள்வில், இரண்டு சுத்தியல். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறந்தார். "மே மொகக்த?" என்றார், இது என்ன என்று. ட்ரம் பெடல் என்றேன். ட்ரம் எங்கே என்று கேட்டார். நியாயமான கேள்விதான், ட்ரம் ஷோ நடக்கிற இடத்தில் இருந்தது. வீதி ஓரத்தில் பெடலைப் பூட்டி, வெறுங்காற்றை மிதித்துக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். இன்னொருவரைக் கூப்பிட்டார்கள், திரும்பவும் காட்டினேன். ஒரு மணித்தியாலம் போயிற்று.

அன்றிலிருந்து என் பெடல் எங்கள் சிங்களக் கிட்டார்காரனின் பையில்தான் போகும். பதிலுக்கு உன் வயர்ச் சுருளை நான் தூக்கிக்கொண்டு வரவா என்று கேட்டேன். "உனக்குப் பைத்தியமா?" என்றான்.

காதுக்கு ஒன்றும் ஆகாதா?

ஆகும். 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம் என்பது பாதுகாப்புக் கணக்கு. மூன்று டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் பதினைந்து நிமிடம்தான். சின்ன அறைக்குள் ட்ரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். மெட்டாலிக்கா குழுவின் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிக் தன் காது இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். என் இடது காதிலும் ஒரு மெல்லிய "ஈ" உண்டு, ஸ்நேர் பக்கம். இருபது வயதில் பஞ்சு வைத்துக்கொண்டது பிழை, பஞ்சு போதாது. காதடைப்பான் இல்லாமல் வருகிற மாணவனை வகுப்பில் ஏற்றமாட்டேன்.

வயதானால் அடிக்க முடியுமா?

அயர்ன் மெய்டனின் ட்ரம்மர் நிக்கோ மக்பிரைனுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம், வலது பக்கம். அதே வருடம் மேயில் மேடைக்குத் திரும்பினார். சில வேகமான உருட்டல்களை இனி அடிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டே அடித்தார். 2024 டிசம்பரில், 72 வயதில், சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெற்றார். இத்தனைக்கும் அவர் பெரும்பாலும் ஒரே பெடலில் சமாளித்தவர். அது எனக்குப் பிடித்த பிடிவாதம்.

டெஃப் லெப்பர்ட் குழுவின் ட்ரம்மர் ரிக் அலனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போயிற்று. வயது 21. குழு வேறு ஆளைத் தேடவில்லை. இடது கை செய்த வேலையை இடது காலுக்கு மாற்றி, மின்னணுப் பெடல்களோடு ஒரு செட் அமைத்தார். 1986இல் இங்கிலாந்தின் டொனிங்டனில் பெரும் கூட்டத்தின் முன் அடித்தார். அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப்படுவது காத்திருந்த மற்ற நாலு பேர்.

என் முதுகுதான் எனக்குத் தலைவலி. ஆசனத்தை இரண்டு அங்குலம் உயர்த்தியபின் பரவாயில்லை.

சாத்தான் வழிபாடா?

இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி.

பெண் பிள்ளைகள் படிக்கலாமா?

என் வகுப்பில் நாலு பேர் இருக்கிறார்கள், ஒருத்தியின் இடது கால் என்னுடையதைவிடச் சுத்தம். 1978இல் லண்டனில் கேர்ள்ஸ்கூல் என்ற பெண்கள் குழு தொடங்கியபோதே டெனிஸ் டியூஃபோர்ட் அதில் அடித்தார். பிரேசிலின் கிரிப்டா குழுவில் லுவானா டமெட்டோ அடித்த பதிவுகளைப் பாருங்கள், அப்புறம் இந்தக் கேள்வி எழாது.

மின்வெட்டு நாட்களில் என்ன செய்தீர்கள்?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கிட்டார்காரர்களும் கீபோர்டுகாரர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ட்ரம்முக்குக் கரண்ட் தேவையில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில், வேர்வை கண்ணுக்குள் இறங்க, பாண்ட் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக எனக்கு நானே நன்றாகக் கேட்டேன். 180க்கு மேல் என் வலது கை இடதைவிடக் கொஞ்சம் முந்துகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது வருடமாக ஒலிபெருக்கி மூடி மறைத்த பிழை.

தமிழில் மெட்டல் சரிவருமா?

வல்லினம் இருக்கிற மொழி, சரிவராமல் எங்கே போகும். எங்கள் குழுவில் ஒரு பாட்டு செய்தோம். பாடுகிறவன் சிங்களவன், வரிகளைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் பாடினான். 'ழ' மட்டும் வரவில்லை. உறுமலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பாண்ட் ஏன் அடிக்கடி கலைகிறது? சண்டையா?

விசா. இருபத்தைந்து வருடத்தில் ஏழு குழுக்களில் இருந்திருக்கிறேன். சண்டையில் உடைந்தது ஒன்று. மற்றவை மெல்பேர்ன், டொரொன்டோ, டோஹா. ஒத்திகை முடிந்து ரோல் சாப்பிடுகிற நேரத்தில் ஒருவன் குரலைத் தாழ்த்தி "மச்சான், ஒரு விஷயம்" என்று தொடங்கினால் எங்களுக்கு விளங்கிவிடும். ட்ரம்மர் கிடைப்பது கஷ்டம் என்பதால் நான் வேலையில்லாமல் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பேஸ் கிட்டார்காரனின் மூச்சைப் பழக ஒரு வருடம் போகும். அவனும் நானும் ஒரே நேரத்தில் விழப் பழகிய பிறகுதான் அவனுக்குக் கடிதம் வரும்.

அடுத்த ஷோ எப்போது?

ஆடிவேல் முடிந்த பிறகு. தேர் போகிற நாட்களில் காலி வீதியில் சாமான் ஏற்றி இறக்க முடியாது. இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்க வேண்டும் என்று 2007இல் உச்ச நீதிமன்றம் ஒழுங்கு போட்டதிலிருந்து எங்களுக்கு நேரத்தோடு முடிக்கிற பழக்கம். ஆகவே ஆறரைக்கே தொடங்குவோம், இலங்கை நேரமென்று நினைத்து எட்டுக்கு வராதீர்கள். பேஸ் கிட்டார்காரன் போன கிழமை விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அவன் இருந்தால் அவன், இல்லாவிட்டால் வேறு யாராவது.